சாம்பலில் புதைத்த உளி

பங்குனி 18, செவ்வாய்

குடைவுளி தேய்ந்துவிட்டது என்று மகன் தளவாய் இன்று என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். எனக்குத் தெரியாத செய்தி பார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அது முழங்கை நீளம் இருந்தது. தளவாயின் அப்பா பழைய லாரி வில்பட்டையை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் உலையில் காய்ச்சித் தானே அடித்தது. தீட்டத் தீட்டச் சாணைக்கல் தின்று தின்று, இப்போது நான் கையை மூடினால் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

நாங்கள் தவில் கட்டை கடைகிறவர்கள். பலாக்கட்டையை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டு வெளிப்பக்கம் வயிறு மாதிரி உருட்ட வேண்டும். பிறகு உள்ளே குடைய வேண்டும். குடைவதில்தான் உயிர் போகும். உளி மரத்துக்குள்ளே போய்க்கொண்டே இருக்கும், பிடிக்கிற கை வெளியே நிற்கும். இரும்பு குட்டையாகிவிட்டால் மரப்பிடியே பொந்துக்குள் போய்ச் சுற்றுகிற கட்டையில் இடிக்கும். கடையில் வாங்கிய உளி இரண்டு கிடக்கின்றன. பலாக்கணுவில் பட்டதும் முனை நீலமாகி மழுங்கிப் போகிற சவங்கள்.

"பின்னால ஒரு கம்பிய ஒட்டி நீட்டிக்கிடலாம்மா. முனை நல்ல முனை. இன்னும் எத்தனையோ கட்டைக்கு வரும்" என்றான்.

"யாரு ஒட்டுவா?"

"பாப்போம்."

பாப்போம் என்று இவன் சொன்னால் முடிவு பண்ணியாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரில் இரும்பை இரும்போடு ஒட்டத் தெரிந்தவன் ஒரே ஆள்தான். என் கொழுந்தன் சொரிமுத்து. ரயில்வே கேட் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

சித்திரையில் வருகிற கோயில் கொடைக்கு முன்னால் மேளக்காரர் பிச்சுமணிக்குக் கட்டை வேண்டுமாம். பழைய தவில் விரிசல் விட்டுவிட்டது என்று வந்து நிற்கிறார்.

யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றன்றே எழுதிவிடுவது என் வழக்கம். அஞ்சாவது வரை படித்தது அதற்குப் போதும். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று பிறகு ஒருத்தரும் மாற்றிப் பேச முடியாது. தளவாய் சொன்னது: பாப்போம்.

பங்குனி 19, புதன்

நாளைக்குச் சொரிமுத்து வருகிறானாம். மருமகள் வடிவு சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். தோசைக்கு அரைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பங்குனி 20, வியாழன்

வந்தான். வெல்டிங் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அடுப்படி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"மயினி, நல்லா இருக்கீயளா?"

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கீரைக்குக் காது இல்லை, எனக்கும் இல்லை.

இவன் மேல் என்ன கோபம் என்று வடிவு கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டாள். சொன்னேன். தளவாயின் அப்பா போய்ப் பதினாறாம் நாள். பந்தியில் உட்கார்ந்திருந்தான், ஊதாக் கரை வேட்டி. இலையில் இரண்டாம் தடவை சாம்பாருக்குக் குழி பண்ணிக்கொண்டே சொன்னான்: "அண்ணனுக்கு நேராநேரத்துக்குச் சோறு கெடைச்சிருந்தா இன்னும் கொஞ்சகாலம் இருந்திருப்பான்." கேட்டவர்கள் யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்தச் சாம்பாரை வைத்தவள் நான். தளவாய்க்கு அப்போது மீசை அரும்பவில்லை. இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். சாம்பார் ஊற்றியது யார், பக்கத்து இலையில் யார், எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது.

வேலையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உளியின் முனையில் ஈரச் சாக்கைச் சுற்றினான். ஒட்டுகிற சூட்டில் முனையின் உரம் இறங்கிவிடாமல் இருக்க அது. சரிதான். வால்பக்கம் கம்பியை வைத்து ஒட்டினான். பிறகு ஒட்டின இடத்தை மட்டும் உலையில் காட்டிச் செக்கச் செவேலென்று ஆனதும், தகரப் பெட்டி நிறையச் சாம்பலைக் கொட்டி அதற்குள் புதைத்தான். "நாளைக்குக் காலையில எடு. அதுவரைக்கும் தொடாத" என்றான் தளவாயிடம்.

"அம்மா, சித்தப்பாவுக்குக் காப்பி போடேன்."

"பால் திரிஞ்சிட்டு."

சொரிமுத்து சிரித்தான். இரண்டு பேரும் தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். வடிவு ரேசன் கடைக்குப் போயிருந்தாள்.

நான் பட்டறைக்குப் போனேன். என் வீட்டுப் பட்டறை, போவேன். இந்தப் பட்டறையில் உலையிலிருந்து வந்த இரும்பு எதுவும் தண்ணீர் காணாமல் இருந்ததில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால்தான் இரும்பு உரமேறும். துவைச்சல் என்பார்கள். தளவாயின் அப்பா எத்தனை உளிக்குத் துவைச்சல் போட்டிருக்கிறார், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினவள் நான்தானே. இவன் சாம்பலில் புதைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறான். பெட்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அவசரம். இளகின இரும்பை வைத்துக்கொண்டு என் பிள்ளை பொந்துக்குள் கையை நீட்ட வேண்டுமா?

குறட்டால் உளியைச் சாம்பலிலிருந்து இழுத்தேன். ஒட்டின இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. வாளியில் முக்கினேன். சுர்ரென்று சத்தம், முகமெல்லாம் ஆவி. எடுத்தபோது மிச்சச் சூட்டில் ஈரம் தானே காய்ந்துவிட்டது. திரும்பச் சாம்பலில் புதைத்து, பழையபடி மேட்டைத் தடவிவிட்டு வந்தேன்.

ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பெற்றவள் இருக்கிறவரைக்கும் பிள்ளைக்கு ஒரு குறை வராது. இன்று நன்றாகப் பசித்தது.

பங்குனி 21, வெள்ளி

காலையில் தளவாய் உளியை எடுத்தான். ஒட்டை அரத்தால் வழித்து, நீளமான புளியங்கட்டைப் பிடி போட்டு, பூண் இறக்கினான். பார்க்க ஈட்டி மாதிரி இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான்: "சித்தப்பா ஒரு விசயம் சொன்னாரு, கேட்டியா வடிவு. ஒட்டுன எடத்துக்கு மட்டும் தண்ணி காட்டவே கூடாதாம். சாம்பல்ல மெள்ள ஆறணுமாம். சூட்டோட தண்ணி பட்டா அந்த எடம் கண்ணாடியாம். பாக்க ஒண்ணும் தெரியாது. பலம் கொடுக்கையில சொல்லாம கொள்ளாமப் போயிரும்ன்னாரு."

"மாமா எல்லாத்தையும் தண்ணில முக்குவாகன்னு சொல்லுவீய?"

"அது முனைக்கு மட்டுந்தான். அதையும் பொறவு லேசாச் சூடு காட்டி எறக்குவாரு அப்பா. ஒட்டு வேற. அப்பா ஆயுசுல ஒட்டே போட்டதில்ல."

எனக்கு ரசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். ரசம் இன்று நன்றாகத்தான் இருந்தது.

சொரிமுத்து சொல்வதெல்லாம் வேதம் இல்லை. அவன் பாதி பேச்சு பீற்றல். தண்ணீரில் நான் எவ்வளவு நேரம் வைத்திருந்தேன், ஒரு மூச்சு விடுகிற நேரம். சாம்பலுக்குள் கொஞ்சம் ஆறியும் இருக்கும். சிவப்பு என்று நான் நினைத்தது ஜன்னல் வெயிலாகக்கூட இருக்கலாம்.

பட்டறை ஜன்னல் மேற்குப் பக்கம். அப்போது காலை.

பங்குனி 22, சனி

சொல்லிவிடலாம் என்று விடிகாலையில் நினைத்தேன். சொன்னால் தளவாய் சித்தப்பனிடம் சொல்வான். சித்தப்பன் ஊரில் உள்ள பந்தியெல்லாம் போய்ச் சொல்வான். அண்ணனுக்குத்தான் சோறு போடவில்லை, இப்போது மகன் உளியையும் கெடுத்தாள் என்று, இலையில் குழி பண்ணிக்கொண்டே சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பரிமாற வேண்டும்.

பட்டமுத்து ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறான். தளவாயின் அப்பாவிடம் வேலை பார்த்தவன். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கிக் கடைந்தான். அரம் கடினம், ஆனால் நொறுங்கும். பொந்துக்குள் முறிந்து, முறிந்த துண்டு கட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. நான் அப்போது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவே இல்லை. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்து, "அக்கா, எனக்கு என்னமோ ஆயிட்டு, பாருங்க" என்றான். கையை எடுத்தான். நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு கண்தான்.

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பியபோது எனக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மார்பில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் பொம்பளைப் பிள்ளை, சின்ன வயசு. "உலகம்மாள் பாட்டி, உங்க இதயம் எங்க இதயத்தைவிட நல்லா இருக்கு. எதையாவது நெனைச்சுப் பயந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன பயம்" என்றேன்.

திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்று மோட்டார் ஓடவில்லை.

பங்குனி 23, ஞாயிறு

காலையிலிருந்து கரண்டு இல்லை. எங்கேயோ கம்பி அறுந்து கிடக்கிறதாம். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் போட்டுவிட்டு வந்தேன்.

பங்குனி 24, திங்கள்

கரண்டு வந்துவிட்டது. எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் பட்டறை மெயினிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அரிசித் தகரத்தின் அடியில் சொருகினேன். தளவாய் மெயினைத் திறந்து பார்த்துவிட்டு, எலி தூக்கிப் போயிருக்குமோ என்று பரணெல்லாம் தேடினான். எலி பீஸ் கட்டையைத் தின்னுமா என்று பேத்தி கேட்டாள். அவளுக்கு இருக்கிற மூளை அவள் அப்பனுக்கு இல்லை.

உலை வைக்க அரிசி அளந்த வடிவு கொஞ்ச நேரம் தகரத்துக்குள் கையை விட்டபடியே நின்றாள்.

"அத்தை, அரிசில பீஸ் கட்டை முளைச்சிருக்கு."

"எலி கொண்டுவந்து போட்டிருக்கும்."

"மூடியத் தொறந்து போட்டுட்டு, திரும்ப மூடிட்டுப் போயிருக்கு. வெவரமான எலி." கட்டையை முந்தானையில் துடைத்தாள். "என்னன்னு சொல்லுங்க அத்தை. நான் அவுகட்ட சொல்ல மாட்டேன்."

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? சோறு கொழைஞ்சிராமப் பாரு."

இவள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தலைப்பொங்கலுக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பனங்கிழங்கில் பாதி சொத்தை. ஆனால் கட்டையை அவள் தளவாயிடம் கொடுக்கும்போது, "மெயினுக்குப் பின்னாலயே விழுந்து கெடந்துச்சு" என்றாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் மோட்டார் ஓடியது. இன்று வெளிப்பக்கம் மட்டும். அதற்கு வேறு உளி. சுருள் சுருளாக மஞ்சள் சீவல் வாசல்வரை வந்தது. நாளைக்குக் குடைய ஆரம்பிப்பானாம்.

என்னால் பூ கட்ட முடியவில்லை. நார் கைக்கு நிற்கவில்லை.

பங்குனி 25, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் குடைய ஆரம்பித்தான். முதலில் வாய்ப்பக்கம்தான், ஆழம் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொத்தமல்லி வறுத்தேன். உளி ஒழுங்காக அறுத்தால் சீலை கிழிக்கிற மாதிரி ஒரே சத்தமாக வரும். நடுவில் டொக் என்று ஒரு இடி. வாணலியை அப்படியே விட்டுவிட்டேன். மல்லி கருகிவிட்டது.

சாப்பிட வந்தவன், "கணுவுல ஒரு ஒதை ஒதைச்சுது, தோள்பட்டை வரைக்கும் ஏறிட்டு" என்று சிரித்தான். உளியைத் திண்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

நான் எடுத்துப் பார்த்தேன். ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தது. என் கண்ணுக்கு இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை. வடிவைக் கூப்பிட்டேன்.

"இதுல முடி ஒட்டியிருக்கு பாரு. எடுத்துப் போடு."

நகத்தால் சுரண்டினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் சுரண்டினாள்.

"முடி இல்ல அத்தை. கோடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உளியைப் பார்த்தேன். அதற்குள் தளவாய் பின்வாசல் வழியாக வந்து, "கொடுட்டி, சாயந்தரம் பிச்சுமணி பாக்க வாரேன்னிருக்காரு. வேலைய முடிச்சிட்டே சாப்பிடுதேன்" என்று அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இத்தனை வருசமாக இந்த வீட்டில் என் சத்தம்தான் பெரிது. அந்த நேரத்தில் வரவில்லை.

"அத்தை, என்ன செஞ்சீய?"

"தண்ணில முக்கிட்டேன். அவங்க டீ குடிக்கப் போனப்ப. செவப்பா இருக்கையில."

பட்டறையில் மோட்டார் கிளம்பியது.

வடிவு ஓடினாள். நானும் பின்னால் போனேன், முட்டி இருப்பது மறந்துவிட்டது. வாசலில் அவள் புருசனைக் கூப்பிட வாயெடுத்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து அவள் வாயைப் பொத்தினேன். உளி மரத்துக்குள் இருக்கும்போது கடைகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் உளி மரத்தைக் கடிக்கும். இந்த வீட்டில் நடை பழகுகிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதான். மெயின் சுவிட்ச் அவனுக்கு அந்தப் பக்கம், அவன் கைக்குப் பக்கத்தில்.

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். உளியின் நீளப் பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆளே முன்னால் சாய்ந்திருந்தான். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடினேன். வெளியே தெரியவில்லை. பொந்துக்குள் போய்விட்டது.

அவன் கண்ணில் படுகிற இடம் ஒன்றுதான் உண்டு, மோட்டார் பக்கம். அதற்குச் சுவரோரமாகக் கட்டையைக் கடந்து போக வேண்டும். கட்டை கழன்றால் அந்தச் சுவரில்தான் வந்து அடிக்கும். அங்கே யாரையும் அவன் நிற்க விடுவதில்லை. போன வருசம் அந்தச் சுவரில் சாய்ந்தார் என்று ஒரு வித்வானையே வெளியே போகச் சொன்னவன்.

போனேன். சீவல் முகத்தில் அடித்தது. சுவரில் கையை ஊன்றி, ஊன்றி, மோட்டாருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையைத் தூக்கவில்லை. சும்மா நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் கண் பெரிதாகியது. ஆனால் கை அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உளியைப் பின்னால் இழுத்தான். நான் அந்த ஒட்டு வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. முனையும் வந்தது. சுவிட்சைத் தட்டினான்.

"ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? அங்ஙன நிக்காத நிக்காதன்னு..."

"உளிய நான் தண்ணில முக்கிட்டேன்லே. சாம்பல்லேருந்து எடுத்து."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. வடிவு வாசலில் நின்றபடி ஒட்டில் கோடு இருக்கிறது என்றாள். அவன் உளியைத் திருப்பிப் பார்த்தான். மெசினின் இரும்புச் சட்டத்தில் உளியின் கழுத்தை லேசாக ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, எல்லாம் உன் சித்தப்பன் பீற்றல் என்று சொல்ல எனக்கு நாக்குவரை வந்துவிட்டது. இன்னொரு தட்டுத் தட்டினான்.

முறிந்தது. நான் தேங்காய் உடைக்க இதைவிடப் பலமாகத் தட்டுவேன். முனைத்துண்டு சீவலுக்குள் சத்தமில்லாமல் விழுந்தது.

தளவாய் அப்படியே சீவல் மேல் உட்கார்ந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். தன் விலாவில், பிடியை இடுக்கியிருந்த இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

பங்குனி 26, புதன்

"சித்தப்பாட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றான் தளவாய். அது ஒன்றுதான் சொன்னான்.

போனேன். வடிவு கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பெண்டாட்டி செத்துப்போனதிலிருந்து சொரிமுத்து தன் பட்டறையிலேயே இருக்கிறான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே, தூக்குவாளியிலிருந்து பழைய சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தான்.

"மயினி."

முறிந்த துண்டு இரண்டையும் மேசை மேல் வைத்தேன். அவன் முறிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள்ளே சீனி கொட்டின மாதிரி மினுங்கியது.

"தண்ணி காட்டுனது யாரு?"

"நான்தான்."

"எப்பம்?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப."

"நீங்க ஒரு வாய் காப்பி குடுத்திருந்தா நான் அங்ஙனயேதான இருந்திருப்பேன்."

"பால் திரிஞ்சிட்டு."

"ஆமா. எனக்குத் தெரியாதா, ஒங்க வீட்டுப் பால் நான் வந்தா மட்டும் திரியும்." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "பயலுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"

"ஆகல."

முறிவை விரலால் தடவிக்கொண்டே நின்றான். "மயினி, அன்னைக்கி அண்ணன் பதினாறுல நான் சொன்னது..."

"உளிக்கு வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றான். "நீளம் கொஞ்சம் போகும். முறிஞ்ச எடத்த அரைச்சு எறியணும். ரெண்டு பக்கமும் சாய்வா அரைச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படுத்தாப்ல ஒட்டணும். கம்பியக் கொஞ்சம் கனமாப் போடுதேன். நாளைக்குக் காலையில வாரேன்."

அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நான் நிற்கவில்லை. அவன் தூக்குவாளி எனக்கு என்ன. வரும் வழியில் கத்திரிக்காய் நன்றாக இருந்தது, வாங்கினேன்.

பங்குனி 27, வியாழன்

சொரிமுத்து வந்து ஒட்டினான். சொன்னபடியே செய்தான், முனையில் ஈரச் சாக்கு, சாய்வு வெட்டு, கனமான கம்பி. உலையில் காட்டிச் சாம்பலில் புதைத்துவிட்டு, எல்லாரும் கேட்கும்படி, "மயினி இங்ஙன காவலுக்கு இருக்கட்டும். தண்ணி வாளிய மட்டும் தெருவுல கொண்டு வச்சிருங்கலே" என்றான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். தளவாய்கூடச் சிரித்தான்.

இருந்தேன். ஸ்டூல் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் மேட்டிலிருந்து சூடு என் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. அது சுத்தமாகக் குறைகிறவரை எழுந்திருக்கவில்லை. வடிவு சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். சித்தப்பாவுக்கும் இலை போட்டாள், என்னைக் கேட்காமல். கத்திரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தடவை வாங்கினான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பதினாறாம் நாள் பேச்சு பேச்சுதான். அதை நான் விடப்போவதில்லை.

பங்குனி 28, வெள்ளி

பிடி போடுவதற்கு முன்னால் தளவாய் ஒட்டைச் சட்டத்தில் ஓங்கி அடித்துப் பார்த்தான். பிறகு என் கையில் கொடுத்து, "நீயும் அடி" என்றான். அடித்தேன். கைதான் விண்ணென்று வலித்தது. வடிவு சாம்பலை ஊதிவிட்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கோடு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் போகவில்லை. போகும் என்றுதான் நினைத்தேன். மோட்டார் கிளம்பியதும் அடுப்படியில் இருக்க முடியாமல் பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தேன். பட்டறைக் கதவை அவன் சாத்தியிருந்தான், நான் மறுபடியும் சுவரோரம் வந்துவிடுவேன் என்று. வடிவு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசி களையப் போகவில்லையா என்று கேட்டேன். போகிறேன் என்றாள். போகவில்லை.

சத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வாய்ப்பக்கம், சத்தம் அகலமாக வந்தது. உளி உள்ளே போகப் போகக் குறுகி, குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆனது. கணு வந்தது. எனக்குத் தெரியும், கணுவில் சத்தம் தடுமாறும். டொக், டொக் என்று இரண்டு. மூச்சை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு சீலை கிழிகிற சத்தம் திரும்ப வந்தது. இன்னும் உள்ளே. இன்னும்.

அப்போது மோட்டார் நின்றுவிட்டது.

முடிகிற நேரம் இல்லை அது. நிற்க வேண்டிய இடமே இல்லை. கட்டை சுற்றி ஓய்கிற முனகல் மட்டும் கொஞ்சம் கேட்டு, அதுவும் அடங்கியது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. வேறு ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. பட்டமுத்துவும் அன்று கத்தவில்லை.

வடிவு எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

உள்ளே ஒரு இருமல். மரத்தூள் தொண்டையில் போன இருமல். இன்னொரு இருமல். காறித் துப்புகிற சத்தம்.

"சவத்துக் கட்டை. உள்ள முழுக்கக் கணு" என்று யாரையோ திட்டிக்கொண்டு தளவாய் சாணைக்கல்லை உருட்டுவது கேட்டது. முனை மழுங்கியிருக்கும், தீட்டுகிறான்.

நான் வடிவின் மணிக்கட்டைப் பிடித்திருந்திருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அங்கே தோல் சிவந்துபோயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அரிசி களையப் போனாள்.